சீரியல் மாமியும் லால்குடி வாத்துகளும்

உலகத்தில் சீரியல் பார்த்து உருப்பட்டவர் ஒருவர்கூட இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போய்விடுவேன். ஸ்ரீரங்கத்தில் ஒருவர் இருக்கிறார். உருப்பட்டது மட்டுமல்ல, சீரியல் பார்த்தே உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் இருக்கலாம். எங்களுக்கெல்லாம் அவர் சீரியல் மாமி.

சித்திரை வீதியில் மாமி வீட்டுக் கதவை எந்த வேளையில் தட்டினாலும் உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும். "சீரியல் பாத்துண்டிருக்கேன், அப்புறமா வாங்கோ." காலை காப்பிக்கும் சீரியல், ஊரே கண்ணயரும் மத்தியானத்திலும் சீரியல். அந்த வீட்டில் டி.வி.யே கிடையாது என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்துப் போர்ஷன் அம்மாள் ஒருநாள் ஆசை தாங்காமல் கதை கேட்டுவிட்டார்.

"நேத்து என்ன ஆச்சு மாமி?"

"சாயங்காலம் வரைக்கும் நன்னாத்தான் போயிண்டிருந்தது. திடீர்னு விழுந்துடுத்து."

"அச்சச்சோ. யாரு, மருமகளா?"

"வோல்டேஜ்."

வோல்டேஜ் என்பது ஏதோ வில்லியின் பட்டப்பெயர் என்று அந்த அம்மாள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மாமி பார்த்தது வேறு சீரியல். ஒரு பெரிய ஆலையில் அளவுக் கருவிப் பிரிவில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். தென்னூரில் பாய் வைத்திருந்த சின்னப் பட்டறைக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாய் வளைகுடாவில் பல வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவர். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது, மண் காய்ந்தால் செடிக்குத் தண்ணீர் விடுவது என்று கேட்பவர் கேட்டபடி பெட்டி செய்து கொடுப்பார். நான் அங்கே பில் போடுவேன், பார்சல் அனுப்புவேன், இரண்டுக்கும் திட்டு வாங்குவேன்.

இந்தப் பெட்டிகளுக்குள் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு போர்டு இருக்கும். சூடு, ஈரம் எல்லாவற்றையும் சென்சார் ஒன்று வோல்டேஜாக மாற்றி அனுப்ப, போர்டு அதை ஒரு எண்ணாக வாங்கிக்கொள்ளும். ஆனால் போர்டுக்கு வாய் கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒரு ஒயரை லேப்டாப்பில் சொருகி, நடப்பதை வரி வரியாக எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். அப்படித் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும் வரிகளுக்குத்தான் சீரியல் என்று பெயர். மற்றவர்கள் அதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவார்கள். மாமி உட்கார்ந்து, ரசித்து, தலையாட்டிப் பார்ப்பார்.

பார்ப்பது மட்டுமல்ல, வாய்விட்டுப் படிப்பார். "ஐநூத்திப் பன்னெண்டு, ஐநூத்திப் பன்னெண்டு, ஐநூத்திப் பதினொண்ணு, ஐநூத்திப் பன்னெண்டு..." ஏற்றமும் இறக்கமுமாக அது கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டி போல வீதி வரை கேட்கும். வெளியூரிலிருந்து பெருமாளைச் சேவிக்க வந்த ஒருவர் ஜன்னலோரம் கைகூப்பி நின்று முழுவதும் கேட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். கண்ணுக்குத் தெரியாத தப்பு காதுக்குத் தெரியும் என்பது மாமியின் கட்சி. எண்களின் நடுவே சுருதி தப்பினால் சட்டென்று நிறுத்தி, "எங்கேயோ ஒயர் லூஸ்" என்பார். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. பிறகு கொஞ்சம் பயமாகவே இருந்தது.

சராசரி என்ற சொல்லே மாமிக்கு ஆகாது. எண்கள் அலைந்தால் பத்துப் பதினைந்தைக் கூட்டி வகுத்துச் சமனாக்கிவிடலாமே என்று பாய் ஒருநாள் யோசனை சொன்னார். "ஜுரத்தை மெத்தைக்கு அடியில ஒளிச்சு வைக்கலாம்ங்கறேள்" என்று மாமி கேட்டதில் அவர் அன்று முழுவதும் டீகூடக் குடிக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்திலும், "ஒவ்வொரு தடவை அளந்ததையும் தனித்தனியா சொல்லுங்கோ டாக்டர், மொத்தமா சொல்லாதீங்கோ" என்று மாமி கேட்டிருக்கிறார். டாக்டருக்கு அழுத்தம் ஏறியிருக்கும்.

இன்னொரு நாள் பாய் ஒரு வாடிக்கையாளருக்கு, செடிக்குத் தண்ணீர் விடும் பெட்டியைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். திரையில் மண்ணின் ஈரம் அழகாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. "பாருங்க சார், செடி மூச்சு விடுறது வரைக்கும் தெரியுது" என்றார் பாய். மாமி மெல்லப் பக்கத்தில் வந்து போர்டுக்கு மேல் கையை நீட்டினார். ஈரம் துள்ளிக் குதித்தது. கையை எடுத்தார், அடங்கியது. "செடி ரொம்ப நன்னா இருக்கு பாய். ஆனா அதோட ஒயர் மேஜை மேலன்னா கிடக்கு" என்றார். போர்டில் ஒயர் சொருகாமல் விட்ட உலோகக் கால், காற்றில் வருவதையெல்லாம் எண்ணாகச் சொல்லுமாம். பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் விட அதிசயம், மாமி போர்டுக்குக் கற்றுக்கொடுத்திருந்த பாஷை. ஊரில் மற்றவர்கள் எழுதும் புரோகிராம் "ஓகே", "எரர்" என்று ஆங்கிலத்தில் பேசும். மாமியின் போர்டு ஸ்ரீரங்கம் கோயில் பாஷை பேசும். சுவிட்சைப் போட்டால் "எழுந்தருளியாச்சு". வேலையில்லாமல் தூங்கினால் "கண்வளர்றார்". பல்பு எரிந்தால் "திருவிளக்கு ஏத்தியாச்சு". இதை அழித்துவிட்டுப் பெட்டியை அனுப்பலாமே என்று நானே கேட்டேன். "ஏன் அழிக்கணும்? நாளைக்கு அதுக்கு ஏதாவதுன்னா வாய்விட்டுச் சொல்ல வேண்டாமோ?" என்றார். அதனால் பெட்டியின் சின்னத் திரையிலும் அந்த வரிகள் அப்படியே வரும். தொட்டி நிரம்பியதும் "திருமஞ்சனம் பூர்த்தி" என்று வருவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றியதுண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பட்டறைக்குத்தான் லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வளர்மதி வந்தார். அறுவடையான வயல்களில் வாத்து மேய்ப்பவர். அன்று பாய் ஜும்மாவுக்குப் போயிருந்ததால் மாமியே பேசினார்.

"அடை வைக்கிறதுக்கு ஒரு மிஷின் வேணுங்க" என்றார் வளர்மதி.

"அடைக்கு எதுக்கும்மா மிஷின்? தோசைக்கல் போறுமே."

"கல்லுல எப்படிங்க? சூடு ஒரே சீரா இருக்கணும்."

"வாஸ்தவம். இல்லேன்னா ஓரம் கருகிடும்."

"அப்பப்ப புரட்டி வேற விடணும்ங்க."

"ஒரு தடவை புரட்டினா போறாதோ?"

"இல்லீங்க, தினமும் புரட்டணும். நாலு வாரத்துக்கு."

மாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நாலு வாரம் ஒரு அடையா?"

நான் குறுக்கே விழுந்து, இது பருப்பு அடை இல்லை, வாத்து முட்டை அடை என்று விளக்க வேண்டியதாயிற்று. மாமியின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. முட்டையைத் தொட்டதில்லை என்பதிருக்கட்டும், அந்தச் சொல்லையே அதுவரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வளர்மதி பேசிக்கொண்டே போனார். வாத்து ஒழுங்காக அடை உட்காராது, அடைக்கு வைத்திருந்த கோழிகளும் சீக்கு வந்து போய்விட்டன. தன்னுடைய முட்டை போதாமல் தெருவிலுள்ள பெண்களிடமெல்லாம், குஞ்சாகத் திருப்பித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து முட்டை சேர்த்திருக்கிறார். புருஷன் போன பிறகு அந்தத் தெருவில் அவரை நம்பி யாரும் எதையும் கொடுத்தது இதுதான் முதல் தடவை. "இது பொரிக்கலேன்னா நான் அங்க தலை நிமிந்து நடக்க முடியாதுங்க" என்றார்.

மாமி கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "ஜீவன் தங்கற இடம்னா அது கர்ப்பக்கிருஹம். பண்ணிடலாம்" என்றார். அன்று முதல் முட்டைக்கு மாமி வைத்த பெயர் "உள்ள இருக்கறவா".

பெட்டி தயாராகி லால்குடி போய்ச் சேர்ந்தது. சூடு குறைந்தால் பல்பு எரியும், கூடினால் அணையும், நடுவில் ஒரு சின்ன ஃபேன் ஓடிக் காற்றைக் கலக்கும். மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. நாலாவது வாரத்தில் ஒரு ஏகாதசியன்று வளர்மதி போன் செய்தார். மாமி உபவாசம், வரவில்லை. பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"டிஸ்ப்ளேல ஏதோ வருதுங்க பாய். திருநாட்டுக்கு எழுந்தருளினார்னு. வருது, போயிடுது."

"எழுந்தருளினார்னா நல்லதுதான்மா. ஆன் பண்ணப்பவும் அதானே வந்துச்சு?"

"அப்ப பயமில்லீங்களே?"

"மாஷா அல்லாஹ், ஒரு பயமும் இல்ல."

மறுநாள் காலை மாமி வந்து உட்கார்ந்ததும் பாய் இதைச் சந்தோஷமாகச் சொன்னார். மாமியின் கையிலிருந்த காப்பி டம்ளர் அப்படியே நின்றது.

"பாய், எழுந்தருளினார்னா வந்தார்னு அர்த்தம். திருநாட்டுக்கு எழுந்தருளினார்னா பரமபதம். போயிட்டார்."

"யாரு போயிட்டாரு?"

"சென்சார்."

பாய் தன்னையறியாமல், சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் "இன்னா லில்லாஹி"யைச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கழித்து, "நான் மாஷா அல்லாஹ்னு சொல்லிட்டேனே மாமி" என்றார். அந்த நேரம் பார்த்து வளர்மதியே மறுபடி கூப்பிட்டார். திரையில் சூடு சரியாகத்தான் காட்டுகிறது, ஆனால் முட்டையைத் தொட்டால் வெதுவெதுப்பே இல்லை என்றார்.

பட்டறையைப் பாயிடம் விட்டுவிட்டு, மாமியும் நானும் சத்திரம் பஸ் நிலையத்தில் லால்குடி பஸ் பிடித்தோம். வழியெல்லாம் பாய் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு "போயிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வளர்மதியின் கண்கள் அழுது வீங்கியிருந்தன. வாசலில் முட்டை கொடுத்த பெண்கள் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். மாமி நேராகப் பெட்டியிடம் போய்த் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து லேப்டாப் ஒயரைச் சொருகினார். எண்கள் ஓடின. பல்பு எரிந்தது, அணைந்தது, ஃபேன் ஓடியது, நின்றது. ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஒயரைப் பிடுங்கினார். ஃபேன் ஓடத் தொடங்கியதும் பல்பு அணைந்தது, திரையில் திருநாடு வந்துவிட்டது. சொருகினார். மறுபடி சாது.

"நீங்க பாத்தா ஒழுங்கா இருக்குது. கண்ணை எடுத்தா ஆட்டம் போடுது" என்றார் வளர்மதி.

மாமி கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். எதிரே ஒரு தெருவே காத்துக்கொண்டிருக்கிறது, இவரோ யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பவர் போல உட்கார்ந்திருக்கிறார். பிறகு கண்ணைத் திறந்து, "நான் ஒரு அசடு" என்றார். "இந்த ஒயர்ல பேச்சு மட்டுமா வரது? கரண்டும்னா போறது. சாட்சி கேக்க வந்தவளே சாதமும் போட்டுண்டிருக்கேன். அப்புறம் அது எப்படி உண்மையைச் சொல்லும்?"

பையிலிருந்து நகவெட்டியை எடுத்து ஒயரின் தோலைச் சீவினார். உள்ளே இருந்த நான்கு கம்பிகளில் கரண்டு போகும் சிவப்பை மட்டும் நறுக்கினார். இப்போது பெட்டி தன் சொந்த அடாப்டரில்தான் ஓட வேண்டும், ஆனால் லேப்டாப்பிடம் பேசும். மறுபடி சொருகிவிட்டு, டிகிரியாக மாற்றாத போர்டின் எண்களைப் படிக்க ஆரம்பித்தார்.

"எழுபத்தேழு, எழுபத்தேழு, எழுபத்தேழு, எழுபத்தாறு, எழுபத்தேழு..." ஃபேன் விர்ரென்று கிளம்பியது. "எண்பத்திமூணு."

கேட்ட எனக்கே சுருதி தப்பியது தெரிந்தது. வாசலில் நின்ற பெண்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"கண் சிமிட்டற நேரத்துல எந்தச் சூடும் இப்படித் தாவாது. அப்படித் தாவினா சென்சார் போயிட்டதா எடுத்துக்கோன்னு நான்தான் எழுதி வெச்சிருக்கேன்" என்றார் மாமி. "ஆனா சென்சார் பிழைச்சுண்டுதான் இருக்கு. சூடும் ஏறலை. அளக்கற கோல்தான் சுருங்கறது."

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சென்சார் தரும் வோல்டேஜை, போர்டு தனக்கு வரும் கரண்டையே அளவுகோலாக வைத்து அளக்கிறது. ஃபேன் ஓடும்போது அடாப்டர் தளர்ந்தால் கோல் சுருங்குகிறது. சுருங்கிய கோலால் அளந்தால் எல்லாமே பெரிதாகத் தெரியும். சூடு ஏறிவிட்டது என்று போர்டு நம்பிப் பல்பை அணைத்துவிட, முட்டைகள் ஆறிப்போயின. லேப்டாப் ஒயர் நல்ல கரண்டு கொடுத்ததால் மாமி பக்கத்தில் இருந்தபோதெல்லாம் கோல் நிமிர்ந்து நின்றது. அந்த அடாப்டர் பாய் வளைகுடாவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தது. போனில் சொன்னபோது, "மாமி, அது ஒரிஜினல் துபாய் ஐட்டம்" என்றார். "அது ரிட்டயர் ஆயிடுத்து பாய்" என்றார் மாமி.

என் போன் சார்ஜரைப் பிடுங்கி அந்த இடத்தில் வைத்தார். போர்டுக்குள்ளேயே எதற்கும் அசையாத சின்ன வோல்டேஜ் ஒன்று இருக்குமாம். சூட்டை அளக்குமுன் ஒவ்வொரு தடவையும் அதைக்கொண்டு கோலை அளந்துகொள் என்று புரோகிராமில் சேர்த்தார். ஃபேன் ஓடியது, எண் அசையவில்லை. பல்பு எரியத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரையில் சரியான சூடு வந்தது. ஆனால் காலையிலும் அந்தத் திரை சரியான சூட்டைத்தானே காட்டியது. ஒப்பிட்டுப் பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டும். அதைப் பாய் அவசரத்தில் எங்கள் பையில் வைக்கவில்லை.

"நாங்க கண்ணு மேல வச்சுத்தாங்க பாப்போம்" என்றார் வளர்மதி. மூடிய இமை மேல் முட்டையை வைத்தால் சூடு சரியா இல்லையா என்று தெரிந்துவிடுமாம். ஒரு முட்டையை எடுத்துத் தன் கண்ணில் வைத்துப் பார்த்தார். மற்றக் கண்ணில் வைத்தார். "அழுது அழுது என் கண்ணே கொதிக்குது மாமி. எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க வச்சுப் பாருங்க."

நான் கையை நீட்டினேன். மாமி என்னைத் தடுத்தார். "என் புரோகிராம். நான்தான் பாக்கணும்."

குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்து, வெங்காயம்கூடச் சேர்க்காத அந்த மாமி, இரண்டு கையாலும் அந்த வாத்து முட்டையை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். இமையை மூடி அதன் மேல் வைத்துக்கொண்டார்.

"சூடு சரியா இருக்கு" என்றார். பிறகும் முட்டையை எடுக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார். "வளர்மதி, உள்ள இருக்கறவா தட்டறா."

வளர்மதி அப்படியே தரையில் உட்கார்ந்து மாமியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அந்தத் தடவை அடை வைத்த ஈட்டில் சில முட்டை பொரிக்காமல் கூமுட்டையாகிப் போனதும் உண்டு. மற்றவை அந்த வாரத்திலேயே பொரிந்தன, வாக்குக் கொடுத்த எல்லார் வீட்டுக்கும் குஞ்சு போய்ச் சேர்ந்தது. வளர்மதி அடுத்த ஈட்டுக்கு முட்டை கேட்டுப் போக வேண்டியிருக்கவில்லை, அவர்களே கொண்டுவந்து கொடுத்தார்களாம். இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று திரும்பி வந்த பஸ்ஸில் மாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். லால்குடி தாண்டியதிலிருந்து ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே வந்தார்.

"என்ன மாமி, தூசி விழுந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார் மாமி, கையை எடுக்காமலே. "அந்தச் சூடு இன்னும் இருக்கு. ஆறிடக் கூடாதுன்னு பாத்துண்டிருக்கேன்."

எனக்கு அந்த மனுஷி மேல் அப்போது வந்த பிரியத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. கொள்ளிடம் பாலம் வந்தது. ஆற்றுக் காற்று பலமாக அடிக்கும் இடம் அது. நான் எழுந்து, அவர் பக்கத்து ஷட்டரை இறக்கிவிட்டேன்.